ஐந்தாம் வகுப்பில் குடவோலை

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள், வருத்தப்பட மாட்டேன். போன கூட்டத்தில் நானும் தூங்கியவள்தான்.

சோழர் பாடம் முடிந்ததும் வகுப்பில் ஒரு சின்ன விழா வைப்பது எங்கள் பள்ளியில் பழக்கம். தங்கக் காகிதத்தில் கிரீடம், அட்டையில் வாள். ஒரு பையன் ராஜராஜன், ஒரு பையன் ராஜேந்திரன், மீதிப் பேரெல்லாம் சுவரோரம் நின்று ‘வாழ்க, வாழ்க’. போன வருஷம் ராஜராஜனுக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல். விழாவே நின்றுபோனது. ஒருத்தன் படுத்தால் சோழ நாடே படுத்துவிடுகிறதே என்று அப்போதுதான் உறைத்தது.

சரி, இந்த வருஷம் ராஜாவே வேண்டாம் என்று உத்திரமேரூரை எடுத்தேன். காஞ்சிபுரம் மாவட்டம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, கி.பி. 919-இல் ஒன்று, 921-இல் ஒன்று. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையின் விதிகள் அவற்றில் உள்ளன. ஊரை 30 குடும்பாக, அதாவது வார்டாக, பிரிக்க வேண்டும். தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போட வேண்டும். குலுக்கி எடுத்தால் குடும்புக்கு ஒருவராக 30 பேர். அதில் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டுக் குழு, 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் பதவி, அதோடு சரி. மூன்று வருஷத்துக்குள் வாரியம் செய்தவன் மறுபடி நிற்கக் கூடாது.

பிள்ளைகளுக்குப் பிடித்ததே இந்த விதிகள்தான். விளையாட்டில் விதி பேசித் தகராறு செய்கிற வயசு அது. தகுதிப் பட்டியலைப் படித்தேன். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், வேலி என்பது பழைய நில அளவு. சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் படித்திருக்க வேண்டும்.

ஒரு பெண் எழுந்தாள். “டீச்சர், இதில் பொம்பளைங்க யாருமே இல்லையா?”

இல்லை. அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். சபையில் நிலம் உள்ள ஆண்கள்தான். உழுதவர், நெய்தவர், குடம் வனைந்தவர் யார் பெயரும் அந்த ஓலையில் ஏறியிருக்காது. மேடையில் நாம் ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்று முழங்கிவிட்டுப் போய்விடுகிறோம், நானும் முழங்கியிருக்கிறேன். பத்து வயசுப் பிள்ளை முன்னால் அது எடுபடவில்லை.

“அப்போ நீங்களும் நிற்க முடியாதா?” என்றாள். முடியாது என்றேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “அவங்களே ரெண்டு வருஷத்துல விதியை மாத்தினாங்கன்னு சொன்னீங்களே” என்றான். உண்மைதான். 919-இல் வயது 30 முதல் 60 வரை. 921-இல் அதைத் திருத்தித்தான் 35, 70 என்று வைத்தார்கள். இதை ஏதோ உபரித் தகவலாகத்தான் நான் சொல்லிவைத்திருந்தேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். நிலம், வேதம், ஆண் மூன்றையும் கை தூக்கி நீக்கினார்கள். வயதையும்தான், இல்லாவிட்டால் நான் ஒருத்திதான் மிஞ்சியிருப்பேன்.

நீக்காமல் வைத்துக்கொண்ட விதி ஒன்று. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் மட்டுமில்லை, அவன் சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், மாமனார், மைத்துனன், மருமகன், அப்பன், மகன் எல்லோரும் அவுட். கல்லில் வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். போன வருஷம் சாக்பீஸ் பொறுப்பில் இருந்த பையன் கணக்குத் தரவில்லை என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். எங்கள் ஊரில் யாருக்கு யார் உறவில்லை? 24 பிள்ளைகளில் 9 பேர் காலி. அந்தப் பையனின் அத்தை மகள் அழவே ஆரம்பித்துவிட்டாள். அவன் வீட்டுக்கு ஓடி, மதியத்துக்குள் ஒரு தாளில் கணக்கு எழுதிக்கொண்டு வந்தான். ஒன்பது பேரும் மீண்டார்கள். அந்த விதி எதற்கு என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோழர் காலத்தில் இங்கே மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் கிடையாது. எல்லாம் போர்த்துகீசியர் வந்த பிறகு கடல் தாண்டி வந்தவை. ஆகவே மிளகுப் பொங்கல், தயிர் சாதம், மிளகாயும் கடலையும் போடாத புளியோதரை. அதை ருசி பார்த்த ஓர் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

குடத்துக்குள் கையை விட்டு எடுப்பதற்கு, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் வேண்டும் என்கிறது கல்வெட்டு. என் வகுப்பில் எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும், ஆகவே பக்கத்து அங்கன்வாடியிலிருந்து ஒரு குட்டிப் பையனைத் தூக்கிவந்தோம். ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், இடையில் மாற்றிவிட முடியாதபடி. மத்தியஸ்தியாக இருந்த பெண் விரலை விரித்துக்கொண்டு நிற்கிறாள். குட்டிப் பையன் கை நிறைய ஓலையை அள்ளிக்கொண்டு தர மாட்டேன் என்கிறான். கடைசியில் கடலை மிட்டாயைக் காட்டித்தான் வாங்கினோம். “சோழர் காலத்தில் கடலை கிடையாது டீச்சர்” என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

ஏரி வாரியத்துக்குப் பள்ளிக் குடிநீர்த் தொட்டி, தோட்ட வாரியத்துக்கு முருங்கை மரமும் நாலு கத்தரிச் செடியும். 36 நாள் பதவி. அழுத அந்த அத்தை மகள் ஏரி வாரியத்துக்கு வந்திருக்கிறாள். தொட்டி கழுவிய தேதியைச் சுவரில் எழுதிவைக்கிறாள்.

முதல் கூட்டத்தில் என்னையே எழுப்பி நிறுத்தினார்கள். “போன வருஷச் சுற்றுலாக் கணக்கு எங்கே டீச்சர்?” வீட்டுக்குப் போய்ப் பழைய பையைக் கொட்டி, பஸ் வாடகை, நுழைவுச்சீட்டு, வாழைப்பழம் எல்லாம் கூட்டினேன். 40 ரூபாய் இடித்தது. ‘டீ’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். யாரோ பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.