நாற்பது அடி நூல்

(கடலோரக் கிராமம் ஒன்றின் நூலக விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஓவியம் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். உண்மையில் நான் ஓவியன் இல்லை, சுவர் எழுதியவன். கட்சிச் சின்னம், சிமெண்ட் விளம்பரம், தலைவர் முகம் என்று இருபது வருடம் ஓடியது. பிளெக்ஸ் வந்தது, பிழைப்பு போனது. அப்புறம்தான் கடலோரப் பள்ளிக்கூடச் சுவர்களில் மீனும் ஆமையும் வரையக் கிளம்பினேன்.

முதல் ஆமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வெட்கக்கேடுதான். பச்சை முதுகு, பெரிய கண், சிரிக்கிற வாய், கீழே 'கடலைக் காப்போம்' என்று கொட்டை எழுத்து. மீன் கூடையோடு போன ஒரு பாட்டி நின்று பார்த்தார். "தம்பி, இது எந்தக் குளத்து ஆமை?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "காலு வச்சு நடக்க விட்டிருக்கியே. பங்குனி ஆமைக்கு ஏதுய்யா காலு? துடுப்புல்ல இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அந்தச் சுவரில் நான் எழுதிய வாசகத்தை அவர் படிக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கடலை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அப்படித் தெரியவந்தவர் வைலண்ட் என்ற அமெரிக்கர். டெட்ராய்ட் பக்கத்துக்காரர். அங்கே கடல்போல ஏரிகள் உண்டு, கடல் கிடையாது. 1971-ல், சிறுவனாகக் கலிபோர்னியாவின் லகுனா பீச்சுக்குப் போனபோது, கரையோரமாகப் போன சாம்பல் திமிங்கலங்களைப் பார்த்தார். பத்து வருடம் கழித்து, 1981-ல், அதே ஊரில் ஒரு சுவர் பிடித்தார். தாயும் குட்டியுமாக அந்தத் திமிங்கலத்தை வரைந்தார். சுவர் 140 அடி நீளம், 26 அடி உயரம். திமிங்கலம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக.

நான் பேச வந்ததே இந்த அளவைப் பற்றித்தான். நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் திமிங்கலம் உள்ளங்கை அளவு. பக்கத்தில் யானையும் உள்ளங்கை அளவு. எறும்பும் அதே அளவு! சாம்பல் திமிங்கலம் வளர்ந்தால் நாற்பத்தைந்து அடி வரும், டவுன் பஸ்ஸை விட நீளம். கடலில் பார்த்தாலும் முதுகு கொஞ்சம், வால் கொஞ்சம், மூச்சு விடும் நீர்த்தூவல் கொஞ்சம் என்று துண்டு துண்டாகத்தான் தெரியும். முழு உடம்பையும் ரோட்டில் போகிறவன் கண்ணுக்கு முன்னால் நிறுத்த ஒரு பெரிய சுவரால்தான் முடியும்.

அவர் அதோடு விடவில்லை. நூறு சுவர் வரைவேன் என்று கிளம்பி, 2008-ல் பெய்ஜிங்கில் நூறாவதை முடித்தார். 1992-ல் லாங் பீச் நகரத்து அரங்கில் வரைந்தது ஒரு லட்சம் சதுர அடிக்கும் மேல். உலகத்திலேயே பெரிய சுவரோவியம் என்று கின்னஸில் ஏறியது. அந்தச் சாதனை எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த அரங்கு வட்டக் கட்டடம், கால் வலிக்கச் சுற்றி வந்தால்தான் படம் முடியும். எனக்குப் பிடித்தது அதுதான்.

இந்த வேலையின் சிரமம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. சாரத்தில் நிற்கும்போது மூக்குக்கு முன்னால் இருப்பது வெறும் நீலம். கண் சரியான இடத்தில் விழுந்ததா என்று பார்க்கக் கீழே இறங்கி, ரோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். தலைவர் முகம் எழுதும்போது நான் ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். திமிங்கலத்துக்கு மூக்கு கோணினால் யாரும் அடிக்க வரமாட்டார்கள், அது ஒரு வசதி.

சரி, வரைந்த சுவர் நிலைக்குமா? டெட்ராய்டில் பிராடரிக் டவர் என்ற உயரமான கட்டடத்தின் முதுகில் 1997-ல் அவர் திமிங்கலங்கள் வரைந்தார். சில வருடத்தில் அதன் அருகிலேயே பேஸ்பால் மைதானம் வந்தது. கூட்டம் பார்க்கிற சுவராகிவிட்டது, விடுவார்களா? திமிங்கலத்தின் மேல் விளம்பரத் துணி ஏறியது. படித்தபோது சிரித்துவிட்டேன். என் இரண்டாவது ஆமை, அதுதான் துடுப்போடு வரைந்தது, ஒரு தேர்தலில் வெள்ளைச் சுண்ணாம்புக்கு அடியில் போயிற்று. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அந்தச் சின்னத்தை எழுதியதும் நான்தான், கூலிக்கு.

படம் வரைந்தால் கடல் பிழைத்துவிடுமா என்றும் கேட்பீர்கள். தனியாகப் பிழைக்காது. குஜராத் கரையில் நடந்ததைப் பாருங்கள். திமிங்கலச் சுறாவை, நம் ஆட்கள் அம்மணி உழுவை என்பார்களே அதை, ஈரல் எண்ணெய்க்காகவும் கறிக்காகவும் அங்கே கொன்றார்கள். 2001-ல் அதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டத்தால் மட்டும் எல்லாம் மாறிவிடவில்லை. 2004-ல் ஒரு பிரச்சாரம் தொடங்கினார்கள். நிஜ அளவில் காற்றடைத்த சுறா பொம்மை ஒன்று கரையோர ஊர்களுக்குப் போனது. மொராரி பாபு என்ற ராமாயணக் கதை சொல்பவர், இது பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மகள் மாதிரி, அவளைக் கொல்லலாமா என்று பேசினார். மீனவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. கூடவே இன்னொன்றும் செய்தார்கள். வலையில் சிக்கிய சுறாவை வலையை அறுத்து விட்டவருக்கு, அறுந்த வலைக்கு நஷ்டஈடு கிடைத்தது. ஒரு வலை என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காசு இல்லாவிட்டால் பொம்மையைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். குறை சொல்லவும் முடியாது.

நாளைய வேலைக்கு வருகிறேன். ஏலக்கூடத்துப் பின்சுவரைக் கொடுத்திருக்கிறீர்கள், 46 அடி. அம்மணி உழுவையை 40 அடியில் போடலாம். மதியம் நூல் பிடித்துப் பார்த்தேன், இந்த மைக்கிலிருந்து அதோ அந்த வேப்பமரம் வரை வருகிறது. திரும்பிப் பாருங்கள், அவ்வளவு பெரிய மீன்.

கடல் பக்கத்துச் சுவர், உப்பு பூத்திருந்தது. கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, பிரைமரும் அடித்தாயிற்று. முதலில் சாக்பீஸில் கோடு மட்டும் போடுவேன். கடலுக்குப் போகிற அண்ணன்மார் வந்து பார்த்துத் திருத்துங்கள், வாய் இன்னும் அகலமா, துடுப்பு இன்னும் பின்னாலா என்று. அதற்கு அப்புறம்தான் பெயிண்ட். வாசகம் எதுவும் கிடையாது, பெயர் மட்டும், நீங்கள் கூப்பிடுகிற பெயர்.

முதுகுப் புள்ளிகளைப் பிள்ளைகள் வைக்கட்டும். நம் கைரேகை மாதிரி, ஓர் உழுவையின் புள்ளி இன்னோர் உழுவைக்கு வராது. அதனால் தப்பாகப் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். நூல் பிடிக்க மட்டும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். காலை ஆறு மணி, வெயில் ஏறுவதற்குள்.