புவியைவிட இளைய பிரபஞ்சமா?

(திரையில்: விலகிச் செல்லும் கேலக்ஸிகள்)

பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். ஆனால் 1929-இல் வானியலாளர் எட்வின் ஹப்பிள் வெளியிட்ட அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால், வருவது வெறும் 200 கோடி! பாறைகளின் கதிரியக்கத்தை அளந்தவர்களோ 1940களிலேயே புவிக்கு 300 கோடி வரை சொன்னார்கள். அம்மாவைவிடப் பிள்ளைக்கு வயது அதிகம்.

எங்கே இடித்தது? கணக்கு என்னவோ எளிதுதான். பிரபஞ்சம் விரிகிறது, கேலக்ஸிகள் எனும் நட்சத்திரத் திரள்கள் விலகிக்கொண்டே இருக்கின்றன; விலகத் தொடங்கி எவ்வளவு காலம் என்பதுதான் வயது. ஒரு கேலக்ஸி இருக்கும் தொலைவை, அது விலகும் வேகத்தால் வகுத்தால் வயது வந்துவிடும். வேகம் சிக்கலில்லை, ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். தொலைவுதான் தலைவலி.

(திரையில்: பிரகாசம் கூடிக் குறையும் ஒரு நட்சத்திரம்)

இது சீஃபிட் நட்சத்திரம். துடிப்பு மெதுவாக ஆக ஆக, இதன் உண்மையான பிரகாசம் அதிகம். 1912-இல் வானியலாளர் ஹென்றியெட்டா லீவிட் காட்டிக்கொடுத்த விதி இது. உண்மையான பிரகாசம் தெரிந்தால், நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தொலைவைப் பிடித்துவிடலாம். ஹப்பிளும் இதைத்தான் நம்பினார்.

(திரையில்: விளக்கணைந்த நகரம், மேலே மலை)

இரண்டாம் உலகப்போர். லாஸ் ஏஞ்சலஸில் விளக்கணைப்பு. வானியலாளர் வால்டர் பாடேயின் சகாக்கள் பலர் போர்ப்பணிக்குப் போய்விட்டார்கள். பாடே ஜெர்மன் குடிமகன் என்பதால் அவரைச் சேர்க்கவில்லை. விளைவு, மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியும் கும்மிருட்டு வானமும் அவர் வசம். பக்கத்து கேலக்ஸியான ஆண்ட்ரோமிடாவின் மையத்தில் இருக்கும் நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் படம்பிடித்து, நட்சத்திரங்களில் இரு வகைகள் உண்டு என்றார். அந்த நூலைப் பிடித்துப் போய் 1952-இல் அறிவித்தது: சீஃபிட்களிலும் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் குழப்பம். ஹப்பிள் பார்த்த சீஃபிட்கள் நினைத்ததைவிடப் பிரகாசமானவை, அப்படியானால் இன்னும் தொலைவில் இருப்பவை. ஒரே அடியில் தொலைவு இரு மடங்கானது, வயதும் இரு மடங்கானது. அப்புறமும் போதவில்லை, புவிக்கே 454 கோடி ஆயிற்றே! தொலைவுகளை மேலும் திருத்தித் திருத்தித்தான் இன்றைய எண்ணுக்கு வந்தார்கள்.

(திரையில்: 67, 73)

இன்றைய தகராறு வேறு: பிரபஞ்சம் விரியும் வேகம். 32.6 லட்சம் ஒளியாண்டு தொலைவுக்கு, விநாடிக்கு எத்தனை கிலோமீட்டர் விலகல்? பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை ஆராய்ந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவிலிருந்து கிடைப்பது சுமார் 67. சீஃபிட் வழியில் சுமார் 73. பழையபடி சீஃபிட்தான் ஏமாற்றுகிறதோ என்ற சந்தேகம் இயல்புதானே? ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை வைத்து அவற்றை மறுபடி அளந்து பார்த்தார்கள். பழைய அளவுகள் சரியாகவே வந்தன. 73 அசையவில்லை.