திங்கட்கிழமை வயிற்றுவலி

தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

அச்சம் எதனால் பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியம் நான்கு காரணங்களைச் சொல்கிறது: அணங்கு என்னும் வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தம் இறை எனப்படும் அரசன். நான்கும் நமக்கு வெளியே இருப்பவை. அவற்றிடமிருந்து ஓடலாம், ஒளியலாம், இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு நகரலாம். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, நாளைக்கு என்ன ஆகுமோ என்று விட்டத்தைப் பார்த்தபடி கிடக்கிறதே, அதற்கு இந்த நான்கில் எதுவும் காரணமில்லை. இன்னும் வராத ஒன்றை வந்தேவிட்டதாக எண்ணி உடம்பு தயாராகிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, ரத்தம் கைகால்களுக்கு விரைவதால் செரிமானம் மந்தமாகி வயிற்றைப் பிசைகிறது. இதைத்தான் பதற்றம் என்கிறோம். ஆகவே 'வயிறு வலிக்கிறது' என்று சொல்லும் பிள்ளை பெரும்பாலும் நடிக்கவில்லை. வலி உண்மை, அதன் வேர்தான் வயிற்றில் இல்லை.

என்னிடம் அழைத்துவரப்பட்ட ஒரு பதினோராம் வகுப்பு மாணவிக்குத் திங்கட்கிழமைதோறும் காலை ஏழரை மணிக்கு வயிற்றுவலி வரும். ஸ்கேன் எடுத்தார்கள், கோளாறு எதுவும் இல்லை. பாட்டி மந்திரித்துத் தாயத்துக் கட்டினார். வேன் அவளை ஏற்றாமல் தெருமுனையைத் தாண்டிய அரைமணி நேரத்தில் வலி போய்விடும் என்பதைக் கவனித்த அம்மா, 'எல்லாம் ஸ்கூலுக்கு டிமிக்கி' என்று முடிவு கட்டினார். பொறுமையாகப் பேசிப் பார்த்தபோது தெரிந்தது, திங்கட்கிழமை இரண்டாவது பீரியட் ஆங்கிலம். ஒவ்வொருவராக எழுந்து ஒரு பத்தி வாசிக்க வேண்டும். 'கர்னல்' என்று உச்சரிக்க வேண்டிய சொல்லை எழுத்துக்கூட்டிக் 'கலோனல்' என்று அவள் ஒருநாள் வாசித்துவிட, பின்வரிசை சிரித்திருக்கிறது. சிரித்தவர்கள் அன்று மாலையே மறந்திருப்பார்கள். இவள் மறக்கவில்லை.

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. லீவு போட்ட அன்று கிடைத்த நிம்மதி கந்துவட்டிக் கடன் போன்றது. இந்த வாரம் கைக்கு வந்தது, அடுத்த வாரம் வட்டியோடு வாசலில் வந்து நிற்கும். தவிர்த்த ஒவ்வொரு முறையும் 'தப்பித்ததால்தான் பிழைத்தேன்' என்று மூளை பாடம் கற்றுக்கொள்கிறது. அதற்காகப் பிள்ளையைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய் வகுப்பில் விடுவதும் வழியல்ல. அது பயத்தோடு அவமானத்தையும் சேர்த்துவிடும். நாங்கள் செய்தது ஏணிப்படி வேலை. முதல் வாரம் வீட்டில் சுவரைப் பார்த்து வாசித்தாள். பிறகு தங்கைக்கு வாசித்தாள். அதன்பின் உணவு இடைவேளையில் ஆங்கில ஆசிரியைக்கு மட்டும். வகுப்பில் முதலில் உட்கார்ந்தபடியே இரண்டு வரி, அடுத்த மாதம் எழுந்து நின்று ஒரு பத்தி. கை நடுங்கியது, ஆனால் வாசித்து முடித்தாள். நடுக்கம் நின்ற பிறகு வாசிக்கலாம் என்று காத்திருந்தால் இன்றுவரை காத்திருந்திருப்பாள்.

நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடும் பயிற்சியையும் சொல்லிக்கொடுத்தேன். மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. ஆனால் பரீட்சை அறையில் முதன்முதலாக இதைச் செய்து பார்ப்பது, வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழகுவதற்குச் சமம். தினமும் படுக்கும் முன் பழக வேண்டும்.

மாநிலத் தரவரிசை அறிவிப்பதை அரசு 2017-ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணை விசாரிப்பதை நாம் இன்னும் நிறுத்தவில்லை. பிள்ளை வாய் திறந்து சொல்லும்போது, 'இதுக்கெல்லாமா பயப்படுவாங்க', 'எங்க காலத்துல' என்று தொடங்கினால் அந்தக் கதவு மறுபடி திறக்க மாதங்கள் ஆகும். 'எப்போ இருந்து இப்படி இருக்கு?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருத்தல்தான் கடினம்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாயால் சொல்ல வரவில்லை என்றால் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். முதலில் சொன்ன பெரியவர் தட்டிக்கழித்தால் அத்தையிடம், அக்காவிடம், பி.டி. ஆசிரியரிடம் சொல்லுங்கள். முகம் தெரியாதவரிடம் பேசுவதுதான் எளிது என்றால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ, பள்ளிக்குப் போகவே முடியாமல் போனாலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். எல்லோருக்கும் மாத்திரை தருவதில்லை. பல பிள்ளைகளுக்குப் பேச்சும் பயிற்சியுமே போதுமானதாக இருக்கிறது. நாளை கல்யாணப் பேச்சில் இது வெளியே வருமே என்று தயங்கும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கத்தில் ஒரு கல்வியாண்டே போய்விடுகிறது. 'செத்துப்போகலாம் போலிருக்கிறது' என்ற சொல் பிள்ளையின் வாயில் வந்தால் மட்டும் மறுநாள் வரை பொறுக்காதீர்கள். தனியே விடாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் நூலகத்துக்கு வெளியே உள்ள பெஞ்சில் மாலை ஐந்து மணி வரை இருப்பேன். பேச வரும் மாணவர்களின் பெற்றோர் அந்த நேரத்தில் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.