பதிவேட்டில் பெயர், தோப்பில் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

உலகத்துக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது. அந்தத் தோப்புகளில் 2018-19 பருவத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைத் தொழிலாளர்கள் இருந்ததாக சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. கோகோ விளையும் பகுதிகளின் விவசாயக் குடும்பங்களில், பத்து வருடத்துக்கு முன் நூற்றுக்கு 31 பிள்ளைகள் இப்படி இருந்தார்கள். இந்தக் கணக்கெடுப்பில் அது 45 ஆகியிருந்தது. அதே பத்து வருடத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கானாவில் 89 சதவீதத்திலிருந்து 96க்கும், ஐவரி கோஸ்டில் 58லிருந்து 80க்கும் உயர்ந்தார்கள்.

பள்ளியும் கூடியது, வேலையும் கூடியது. காரணம் எளிது. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சொந்தக் குடும்பத்தின் தோப்பில்தான் வேலை செய்கிறார்கள். காலையில் வகுப்பு, மாலையிலும் சனிக்கிழமையிலும் தோப்பு. கோகோ விளைச்சலும் அந்தக் காலத்தில் பெருகியதால் தோப்பு வேலை கூடிப்போனது. குழந்தை உழைப்பைத் தடுக்க வரும் திட்டம் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததோடு முடிந்தால் பதிவேடு நிறையும், அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கூடமாட உதவுவதெல்லாம் குற்றமா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. கானாவின் 1998ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி 13 வயதிலிருந்து இலகுவான வேலை செய்யலாம், 15இலிருந்து வேலைக்கே போகலாம். ஆபத்தான வேலைக்கு 18 ஆக வேண்டும். வெட்டுக்கத்தியால் காய் உடைப்பது, துரட்டியால் உயரத்துக் காய் பறிப்பது, மருந்தடிப்பது, தாங்காத சுமை தூக்குவது எல்லாம் ஆபத்தான வேலைதான்.

காய் உடைப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பறித்த காய்களைக் குவித்து வைத்து, சில நாள் கழித்து ஒரே மூச்சில் உடைப்பார்கள். இடது உள்ளங்கையில் காய், வலது கையில் வெட்டுக்கத்தி. ஒரு வெட்டு, ஒரு திருகல், ஓடு பிளந்துவிடும். கத்தி ஓட்டைத் தாண்டி இறங்கினால் விரல் போகும். பெரியவர்கள் மரக்கட்டையால் தட்டி உடைத்தால் கையும் தப்பும், விதையும் வெட்டுப்படாது. உடைத்த விதையை அன்றே குவித்து வாழையிலை போட்டு மூடிப் புளிக்க வைக்க வேண்டும் என்பதால் வீட்டில் இருக்கிற எல்லாக் கையும் தேவைப்படுகிறது. பள்ளி பெஞ்சு காலியாவது அந்த நாளில்தான்.

ஆகவே அந்தக் கைக்கு மாற்றுக் கை ஏற்பாடு செய்யாத கல்வித் திட்டம் நிற்காது. ஊர் இளைஞர்களைக் குழுவாக்கி, கவாத்து (கிளை கழிப்பது), மருந்தடிப்பு, அறுவடை ஆகியவற்றில் பயிற்சியும் கருவியும் கொடுத்து, கூலிக்கு அனுப்புவது ஒரு வழி. கூலியை முன்கூட்டியே கேட்டால் இது படுத்துவிடும். விவசாயி கையில் காசு புரள்வது விதை விற்ற பிறகுதான். அதனால் கூட்டுறவுச் சங்கம் கூலியைக் கொடுத்துவிட்டு விற்பனையில் கழித்துக்கொள்வது நல்லது. கானாவில் ‘அபுசா’ என்ற முறையில், விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு அடுத்தவர் தோப்பில் பாடுபடுபவருக்கு இந்தக் கூலியே பாரம். என் அபிப்பிராயத்தில் கூலியில் சலுகை முதலில் போக வேண்டியது அவருக்குத்தான், தோப்புச் சொந்தக்காரருக்கு அல்ல.

இனிப் பள்ளிப் பக்கம். பெரும்போக அறுவடை அக்டோபரில் தொடங்குகிறது, பள்ளி திறப்பது செப்டம்பரில். நோட்டு, சீருடை, கட்டணம் என்று எல்லாச் செலவும் வீட்டில் காசில்லாத மாதத்தில் வந்து விழுகிறது. புத்தகப் பை நவம்பரில் வந்து சேர்ந்தால் போட்டோவுக்குத்தான் உதவும். தாய்மார்களின் சேமிப்புக் குழுக்கள் வாராவாரம் சேர்த்ததை வருடம் ஒருமுறை பங்கு பிரிப்பார்கள். அந்தப் பங்கீட்டை ஆகஸ்டு கடைசிக்கு வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ஐவரி கோஸ்டில் 6 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2015இல் சட்டம் வந்தது. ஆனாலும் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை தொடக்கப் பள்ளியின் இறுதித் தேர்வில் வந்து முட்டி நிற்கும். புர்கினா பாசோ, மாலியிலிருந்து குடியேறிய குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். தேர்வு வருடத்தில் ஓடினால் வேலைக்காகாது; முதல் வகுப்பிலேயே யாருக்குச் சான்றிதழ் இல்லை என்று பட்டியல் எடுத்து, நீதிமன்ற ஆணை மூலம் பிறப்பைப் பதிய மொத்தமாக ஏற்பாடு செய்ய வேண்டும். இடைநின்ற பிள்ளையைச் சின்னப் பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் வெட்கப்பட்டு ஓடிவிடும். கானாவில் ஒன்பது மாத இணைப்பு வகுப்பு உண்டு: தாய்மொழியில் எழுத்தும் கணக்கும் கற்றபின் வயதுக்கேற்ற வகுப்பு. ஆசிரியருக்கு ஊரில் குடியிருப்பு இல்லையென்றால் அவர் வெள்ளியும் திங்களும் வரமாட்டார். பிள்ளை தோப்புக்குப் போய்விடும்.

எந்தப் பிள்ளை வேலை செய்கிறது என்ற கண்காணிப்புக்கு, ஊர்க்காரர் ஒருவரே வீடு வீடாகப் போய் போனில் விவரம் பதிகிறார். அப்பா பக்கத்தில் நின்றால் பிள்ளை “இல்லை” என்றுதான் சொல்லும். தனியாகக் கேட்க வேண்டும், “வேலை செய்கிறாயா?” என்று கேட்காமல் “நேற்று என்னென்ன செய்தாய்?” என்று கேட்க வேண்டும். கையில் வெட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை “இல்லை” என்றதும் வேலை செய்யும் பிள்ளைகளின் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடக் கூடாது. அடுத்த வருகையிலும் அதே பதில் வரட்டும். அந்த வருகைகளில் ஒன்றாவது அறுவடை மும்முரமாக நடக்கும் நவம்பர், டிசம்பரில் இருக்க வேண்டும்.