கேமரா எங்கடே?

நடுவர் அண்ணாச்சிக்கும் நெல்லைச் சீமை மக்களுக்கும் வணக்கம். கல்யாண வீட்டுல வீடியோக்காரருக்கு மதிப்பு கேமராவோட பருமனாலயா, கைத்திறமையாலயான்னு கேள்வி. கைத்திறமைதான்னு பேச வந்திருக்கேன்.

எங்க சித்தப்பா மகன் வீடியோ எடுக்கான். பாளையங்கோட்டையில ஒரு கல்யாணம், நான் லைட் பிடிச்சேன். பொண்ணுக்குத் தாய்மாமன் வந்தாரு. “ஏலே, வீடியோக்காரன் இன்னும் வரலியா?” “அண்ணாச்சி, நான்தான்.” “நீ சரிடே, கேமரா எங்க?” தம்பி கையை உயர்த்திக் காட்டுதான். அவரு பொண்ணோட அப்பாவைக் கூப்பிட்டாரு: “அத்தான், ஏமாந்துட்டிய! என் மகன் போட்டோ எடுக்கதும் இந்தச் சைசுதான்!”

தம்பி ஒண்ணும் பேசல. காருக்குப் போனான். கேமராவைச் சுத்தி இரும்புக் கூட்டை மாட்டினான். மேல ஒரு கைப்பிடி. பக்கத்துல மானிட்டர். முடி வச்ச மைக். லென்சுக்கு முன்னால வேண்டாத வெளிச்சத்தை மறைக்க கறுப்பா ஒரு பெட்டி, மேட் பாக்ஸ். திரும்பி வாரான்... தாய்மாமன் எந்திரிச்சு வழி விடுதாரு! “ஆங், இதைத்தானடே முதல்லயே எடுத்திருக்கணும்! ஏல, கேமராக்காரத் தம்பிக்கு ஒரு காப்பி கொண்டா!”

மக்களே, கேமரா அதே கேமரா. லென்சு அதே லென்சு. கார்டு அதே கார்டு. முதல்ல வந்தப்போ தண்ணி கூட இல்ல. இரும்பு மாட்டினதும் காப்பி!

எதிரணி அண்ணாச்சி கைதட்டுதாரு, ‘அது எங்க கட்சிதானே’ன்னு. காப்பி இரும்புக்குத்தான், ஒத்துக்கிடுதேன். படத்தை இரும்பா எடுத்துச்சு? அந்தக் காலத்துக் கேமரா பெருசா இருந்தது ஏன்? முழு விஹெச்எஸ் கேசட்டும் உள்ள போகணும். இப்ப கார்டு தபால்தலை அளவு. 2014-ல வந்த சோனி எம்சி 2500, தோள்ல வைக்கிற கேமரா. அதுக்குள்ள படம் பதியுத சில்லு, சென்சார், கால் இஞ்ச் ரகம், அகலம் 5 மில்லிமீட்டர் கூட வராது. தம்பி கையில இருந்த சின்னக் கேமராவுல 36 மில்லிமீட்டர்! தோள்ல வச்சா ஆடாது, ஜூம் நீளம், அதை மறுக்கல.

ஆனா அண்ணாச்சி ஒண்ணு சொன்னாரு பாருங்க, ‘நெல்லையப்பர் தேர் பெருசா இருக்கப்போய்த்தானே ஊரே வடம் பிடிக்க ஓடியாருது’ன்னு. அதை விட மாட்டேன். ஆனி மாசம் ரத வீதியில அண்ணாந்து பாக்கோம், சரி. கன்னத்துல போட்டுக்கிடுதது யாரைப் பாத்து? உள்ள இருக்க சுவாமியைப் பாத்து! திருவிழா முடிஞ்சு சுவாமி கோவிலுக்குள்ள போயிருதாரு. தேர் அங்கேயேதான் நிக்கு, அதே உசரம், அதே சக்கரம். கார்த்திகையில வடம் பிடிக்க எவனாவது வாரானா? சொல்லுங்க அண்ணாச்சி!

அதே கல்யாணத்துல பொண்ணோட ஆச்சி தூண் ஓரமா இருந்தா. லைட்டோட போனா முந்தானையால முகத்தை மூடிக்கிடுதா. தம்பி லைட்டை அணைக்கச் சொன்னான். மாட்டின இரும்பையெல்லாம் கழத்திட்டுத் தரையில உக்காந்தான். ஆச்சி அவனை மறந்துட்டா. பேத்தி விரல்ல தன் பழைய கல்லு மோதிரத்தை மாட்டிட்டுக் கேட்டா: “தொலைவுக்குப் போறியே தாயி, ஆச்சி சாவுக்கு வந்துருவியா?”

அந்தப் பிள்ளையால வர முடியல. துபாய்ல இருந்து தம்பிக்குப் போன் போட்டு அழுதுச்சு. கேமரா என்ன சைசுன்னா கேட்டுச்சு? “அண்ணே, ஆச்சி பேசினது இன்னும் கொஞ்சம் இருக்கா, வெட்டாம முழுசா அனுப்புங்க”ன்னு கேட்டுச்சு. அனுப்பினான்.

நடுவர் அண்ணாச்சி, தீர்ப்பை என் தம்பி பக்கம் சொல்லுங்க. வணக்கம்.