தெற்கு அடிவானத்துல ஈட்டா கரினா: ஆரஞ்சு படத்துக்கு பில்டர் தீர்வா?

அடுத்த கேள்வி, கடலூர்லேருந்து. "சில்வர் பீச்ல ஸ்டார் ட்ராக்கர்ல (வானம் சுத்தறதுக்கு ஏத்தபடி கேமராவத் திருப்பற கருவி) 200 எம்எம் லென்ஸ் வெச்சு ஈட்டா கரினா நெபுலா (தெக்கு வானத்துல ஒளிர்ற வாயு மேகம்) எடுத்தேன், ஒவ்வொன்னும் 2 நிமிஷம். படம் முழுக்க ஆரஞ்சு, நட்சத்திரமெல்லாம் நீண்டிருக்கு. பில்டர் வாங்கினா சரியாகுமா?"

ஊர் வெளிச்சத்த வடிகட்டற பில்டர் அப்புறம். முதல்ல இடம். கடலூர்ல அந்த நெபுலா உச்சிக்கு வந்தாலும் 18 டிகிரி சொச்சம்தான். டெல்லியில 2 டிகிரிகூட ஏறாது, அந்த வகையில நமக்கு யோகம். ஆனா அந்த உயரத்துல தலைக்கு மேல இருக்கறத போல மூணு மடங்கு காத்து வழியா பாக்கறீங்க. சில்வர் பீச்ல தெக்க திரும்பினா துறைமுகம், சிப்காட் வெளிச்சம் எல்லாம் அந்தக் காத்துலதான் ஏறி நிக்குது, அதான் ஆரஞ்சு. கடல் கிழக்கதான இருக்கு, தெக்க இல்லையே! சிப்காட்டத் தாண்டி சாமியார்பேட்டை பக்கம் போனா அந்த வெளிச்சம் முதுகுக்குப் பின்னாடி போயிடும்.

ஏப்ரல் நடுவுல, அமாவாசைய ஒட்டி போங்க. ராத்திரி 9.15 வாக்குல உச்சி. ஏழரைக்கு நல்லா இருட்டினதுலேருந்து 11 மணி வரை 15 டிகிரிக்குக் கீழ இறங்காது.

நட்சத்திரம் நீளறதுக்குப் பெரும்பாலும் போலார் அலைன்மென்ட், அதாவது ட்ராக்கரோட அச்ச வான துருவத்தப் பாத்து நிறுத்தறது, சரியில்லாததுதான் காரணம். துருவ நட்சத்திரம் நமக்கு 12 டிகிரியிலதான், புழுக்கத்துல மங்கிடும். அது சரியா கிடைக்கிற வரைக்கும் 2 நிமிஷம் வேணாம். எஃப்4, ஐஎஸ்ஓ 800, 30 செகண்ட், 300 படம். ஹிஸ்டோகிராம்ல (கேமரா காட்டற வெளிச்ச வரைபடம்) மேடு இடமிருந்து மூணுல ஒரு பங்கத் தாண்டினா 20 செகண்டாக்குங்க. பில்டர் ஒளியக் குறைக்கறதால, அதப் போட்டா ஒவ்வொரு படமும் நிமிஷக் கணக்குல வேணும். அலைன்மென்ட் ஆடினா காசு வீண்.

கடலோரத்துல பனி கண்ணாடியில சீக்கிரம் படியும். ஹீட்டர் பட்டைய 20 நிமிஷம் முன்னாடியே போட்டுட்டு, அப்புறம் ஃபோகஸ் பண்ணுங்க. லென்ஸ் சூடானா ஃபோகஸ் நகரும். உப்புப் படிஞ்ச கண்ணாடிய காஞ்ச துணியால தேய்க்காதீங்க, கீறிடும். ஊதிட்டு, லென்ஸ் திரவத்துல நனைச்ச துணியால ஒத்தி எடுங்க.

சிரில் சாஃப்ட்வேர்ல பேக்ரவுண்ட் (பின்னணி வெளிச்சம்) எடுக்கறத, ஸ்டாக் பண்றதுக்கு, அதாவது எல்லாப் படத்தயும் ஒன்னா அடுக்கறதுக்கு, முன்னாடியே, ஒவ்வொரு படத்துலயும் டிகிரிங்கற அமைப்ப 1 வெச்சு பண்ணுங்க. நேரம் போகப் போக வெளிச்சச் சரிவு படத்துக்குள்ள திரும்பிட்டே வரும், ஸ்டாக் பண்ணிட்டா பிரிக்க முடியாது. நட்சத்திரத்துக்கு மேல நீலமும் கீழ சிவப்பும் ஒட்டிட்டு இருந்தா லென்ஸத் திட்டாதீங்க. காத்து ஒளியப் பிரிக்கறது அது. சிரில்லயே ஆர்ஜிபி அலைன்மென்ட் (மூணு நிறத்தயும் ஒன்னு மேல ஒன்னா பொருத்தறது) ஓட்டினா பெரும்பாலும் போயிடும்.