வேலைதானே போச்சு

(சிங்கப்பூரில் தோ பாயோ பக்கம் ஒரு சமூக மன்றத்தில் பேசியது. உளறிய இடங்களை வெட்டிவிட்டேன், மற்றபடி பேசிய மாதிரியே இருக்கிறது.)

எல்லாருக்கும் வணக்கம். மேடை ஏறுவதற்கு முன்னாலேயே முன்வரிசை அக்கா ஒருவர் என்னைப் பிடித்து, “தம்பி, பாசிட்டிவா நினைங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க, போன தடவை வந்தவரும் அதைத்தான் சொன்னாரு” என்றார். சொல்ல மாட்டேன் அக்கா. அந்த வகைப் பேச்சு எனக்கும் ஆகாது.

2020 ஆகஸ்ட்டில் என் வேலை போனது. சர்க்கிட் பிரேக்கர், அதாவது கொரோனாவுக்காக எல்லாரையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்ன முடக்கம், ஜூன் 1ஆம் தேதி முடிந்து, அப்பாடா என்று எல்லாரும் வெளியே தலைகாட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரே கம்பெனியில் 19 வருஷம், கப்பல் சரக்குக்கு ஆவணம் தயாரிக்கிற வேலை. காலை 9.45க்கு ஜூமில் கூப்பிட்டார்கள், 10 மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அப்போது வயது 51, பையன் உயர்நிலை இரண்டு.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குள் இருக்க முடியாமல் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே கல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மனதில் ஒரே வரிதான் சுற்றிச் சுற்றி வந்தது: “வாழ்க்கையே போச்சு.” அந்த நேரம் பார்த்து உட்லண்ட்ஸில் தம்பி வீட்டிலிருந்து அம்மா போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன். “வேலைதானே போச்சு, ஆளு இருக்கியே” என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

கோபம் ஆற நாலைந்து நாள் ஆனது. ஆறிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அம்மா சொன்னதையும் என் மனம் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடந்தது “வேலை போச்சு”, அவ்வளவுதான். அதில் அம்மா ஒரு ‘தானே’யைச் சேர்த்தார், விஷயம் சுருங்கிவிட்டது. நான் வேலையை எடுத்துவிட்டு வாழ்க்கையை வைத்து, பின்னால் ஒரு ‘ஏ’யும் போட்டேன், வானமே இடிந்து விழுந்துவிட்டது. பார்த்தீர்களா, இப்போது பேசும்போதுகூட அந்த ஏகாரம் வந்து ஒட்டிக்கொள்கிறது! இலக்கணத்தில் இதைத் தேற்றேகாரம் என்பார்கள். தேற்றம் என்றால் உறுதி, ஐயமில்லாமல் சொல்வது. ஒன்றுமே உறுதியாகத் தெரியாத ராத்திரியில்தான் நம் மனம் இதை அதிகமாகப் பயன்படுத்துகிறது என்பது வேடிக்கை. எல்லாமே போச்சு, யாருமே இல்லை, எப்பவுமே எனக்கு இப்படித்தான்.

ஆரன் பெக் என்று அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவர் இருந்தார், 2021இல் தம் 100ஆவது வயதில் காலமானார். 1960களில் பிலடெல்பியாவில் மனச்சோர்வு நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். வாய்விட்டுப் பேசுகிற பேச்சுக்கு அடியில் அவர்களுக்குள் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் கூப்பிடாமல் தானாக வருகிறது, வேகமாக வருகிறது, வருகிற வேகத்தில் அது உண்மையா என்று யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. தானாக எழும் எண்ணங்கள் என்று அதற்குப் பெயர் வைத்தார். அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, “இதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்கப் பழக்குவதுதான் அவர் உருவாக்கிய சிகிச்சையின் மையம். நல்லதாக நினை என்று அவர் சொல்லவில்லை, சரியாக நினை என்றார். இரண்டும் வேறு வேறு.

நான் என்ன செய்தேன் என்றால், மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் “வாழ்க்கையே போச்சு” என்ற அந்த வரியை எழுதினேன். எழுதிவிட்டு அடித்தேன். கீழே, “வேலை போச்சு. கையில் 7 மாசத்துக்குக் காசு இருக்கு. வயசு 51. ஆவண வேலை நல்லாத் தெரியும்” என்று எழுதினேன். 7 மாசம் ஒன்றும் பெரிய கணக்கில்லை, வயிற்றைக் கலக்கியது. ஆனால் ‘வாழ்க்கையே’ என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? 7 மாசத்தை வைத்து ஒரு கணக்காவது போடலாம்.

சும்மா யோசித்துக்கொண்டே இருந்தாலும் தெளிவு வரும் என்று சிலர் நினைப்போம். வராது. 1989 அக்டோபர் 17ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சூசன் நோலன்-ஹூக்செமா என்ற உளவியலாளர், சோகம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்து வாங்கியிருந்தார். நிலநடுக்கம் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும், எல்லாம் தற்செயல். பிறகு அதே மாணவர்களைப் பார்த்தபோது, சோகத்தை அசைபோடும் பழக்கம் உள்ளவர்களிடம்தான் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. மாடு அசைபோட்டால் தின்றது செரிக்கும், நமக்கு அதுகூட நடப்பதில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து செய்தது யோசனை இல்லை, அசைபோட்டேன், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. 1967இல் செலிக்மன், மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள் (கொடுமையான சோதனைதான்). நிறுத்தவே முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள் பல, பிறகு தாண்டிக் குதித்துத் தப்பிக்க வழி இருந்தும் அப்படியே படுத்துக் கிடந்தன. கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டன என்று சொன்னார்கள். கிட்டத்தட்ட 50 வருஷம் கழித்து, 2016இல், அதே இருவரும் நாங்கள் தலைகீழாகச் சொல்லிவிட்டோம் என்று எழுதினார்கள். துன்பம் நீண்டால் சோர்ந்து படுப்பது மூளையின் இயல்பு, யாரும் கற்றுத்தர வேண்டாம். நம்மால் ஒன்றை மாற்ற முடியும் என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது.

அதனால் பெஞ்சில் சுருண்டு கிடந்ததற்கு நான் வெட்கப்படவில்லை. மறுநாளிலிருந்து காலை 6.30க்கு ஈரச்சந்தைக்குப் போய் மீன் வாங்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வேலை கிடைப்பது பாதிதான் என் கையில். எந்த மீன், என்ன விலை என்பது முழுக்க என் கையில். என் மனைவிக்கு நான் வாங்கிய மீன் பிடிக்கவில்லை, அது வேறு கதை. 2021 மார்ச்சில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது, பழைய சம்பளத்தைவிடக் குறைவு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எண்ணம் வீட்டுக்கடன் கட்டாது. சம்பளம் நிலுவையில் இருக்கிற ஊழியரிடம் போய் உன் எண்ணத்தை மாற்று என்று சொல்பவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அவருக்கு வர வேண்டியது சம்பளம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் உறையின் பின்பக்கம் போதாது, பலதுறை மருந்தகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால், இங்கே சிங்கப்பூரில் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767க்குப் போன் செய்யுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

அப்புறம், அடுத்தவர் துன்பத்துக்கு நீங்கள் ‘தானே’ போடாதீர்கள். “பரீட்சைதானே”, “காதல்தானே”, “நாய்தானே செத்துப்போச்சு”. அந்தத் ‘தானே’யைச் சொல்ல வேண்டியவர் துன்பப்படுகிறவர், அதுவும் அவருக்குத் தோன்றும்போது.

கேள்வி நேரத்தில் அதே முன்வரிசை அக்கா கையைத் தூக்கினார். “அப்போ உங்கம்மா சொன்னது தப்புன்னு சொல்றீங்களா?”

தப்புதான் அக்கா. ஆனால் நான் போனை வைத்த ஒரு மணி நேரத்தில், தம்பியிடம் ஓர் அடுக்குப் பாத்திரத்தில் சோறும் நெத்திலிக் குழம்பும் கொடுத்தனுப்பியிருந்தார். ராத்திரி 11 மணிக்கு அதே பெஞ்சில் உட்கார்ந்து நானும் தம்பியும் சாப்பிட்டோம், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அடுக்கை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, அம்மா பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.